நாலு இறாலும் ஒரு பொய் வேண்டுதலும்

டேய் தம்பி,

போனில் பேசித் தீர்த்துவிடலாம் என்று நாலு நாளாகப் பார்க்கிறேன். நான் ஆரம்பித்ததுமே "ம்மா, வுடும்மா, அதான் சரியாப் போச்சுல்ல" என்கிறாய். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசினால் "டவர் இல்லம்மா" என்கிறாய். ஓசூரில் உன் கம்பெனி வாசலுக்கு எதிரிலேயே டவர் நிற்கிறது என்று போட்டோ எடுத்து அனுப்பியவன் நீதான். அதனால்தான் பேனாவை எடுத்தேன். கடிதத்தை நடுவில் கட் பண்ண முடியாது. இது வேறு யார் கையிலாவது சிக்கி அவர்கள் படித்தாலும் எனக்குக் கவலையில்லை. ஒளித்து ஒளித்து வைத்துத்தான் இந்தக் கதிக்கு வந்து நிற்கிறோம். வருகிற வெள்ளிக்கிழமை நீ சிதம்பரம் வந்து பவித்ராவை அழைத்துக்கொண்டு ஓசூருக்குத் தனிக்குடித்தனம் போகப்போகிறாய். அந்த ஊரில் உங்கள் இருவரைத் தவிர உங்களுக்கு யாருமில்லை. அதற்கு முன்னால் இதை நீ முழுசாகப் படித்தாக வேண்டும்.

நடந்ததை முதலில் நடந்தபடி எழுதிவிடுகிறேன். ஏனென்றால் நீ சொல்கிற விதத்தில் அது வேறு என்னவோ ஆகிவிடுகிறது. உன் சிநேகிதன் இர்ஃபானிடம் "கொஞ்சம் மயக்கமா வந்துச்சு" என்று சொன்னாயாம். கொஞ்சம் மயக்கமா? கல்யாணமாகி நாலாம் நாள், சிதம்பரத்தில் உன் மாமியார் வீட்டில் மறுவீட்டு விருந்து. இலையில் இறால் தொக்கு விழுந்தது. இறால் உனக்கு ஆகாது என்று உனக்குத் தெரியும், எனக்கும் உன் அப்பாவுக்கும் தெரியும், பாண்டிச்சேரி டாக்டரம்மாவுக்குத் தெரியும். அந்த வீட்டில் மட்டும் ஒருத்தருக்கும் தெரியாது. நீ வாயைத் திறக்காமல் நாலு இறாலைத் தின்றாய். ஒரு மணிக்குச் சாப்பிட்டுவிட்டு, ஒன்றும் ஆகவில்லை என்ற தெம்பில் மூன்று மணி வெயிலில் உன் மச்சானோடு தெருவில் ஷட்டில் ஆடினாய். கால் மணி நேரத்தில் உடம்பெல்லாம் தடித்து, உதடு வீங்கி, மூச்சு இழுத்துத் தெருவிலேயே விழுந்தாய். உன் மச்சான்தான் எனக்குப் போன் பண்ணினான். "அத்தை, மச்சான் கீழ வுழுந்துட்டாரு, பேச்சே வரல அத்தை" என்று அழுதான். பக்கத்து வீட்டுக் காரில் கடலூரிலிருந்து கிளம்பினோம். புதுச்சத்திரம் தாண்டும்போது குனிந்து பார்த்தால் உன் அப்பாவுக்கு ஒரு காலில் அவர் செருப்பு, இன்னொரு காலில் என் செருப்பு. இதற்குப் பெயர் கொஞ்சம் மயக்கம்.

உன்னை மட்டும் திட்டி எழுதிவிட்டு நான் நல்ல பிள்ளை ஆகப்போவதில்லை. இதில் என் பங்கு உன் பங்கைவிட ஜாஸ்தி. ஆனால் முதலில் உன் பங்கைத் திட்டி முடித்துக்கொள்கிறேன், அப்போதுதான் எனக்குக் கொஞ்சம் ஆறும்.

சின்ன வயசில் நீ இறால் தின்ற அழகை என்னவென்று சொல்வது! ஞாயிற்றுக்கிழமை ஆனால் உன் அப்பா காலையிலேயே ஓ.டி. துறைமுகத்துக்குப் போய் வாங்கி வருவார். உரிக்க உட்கார்ந்தால் நீ என் பக்கத்திலேயே உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருப்பாய், உன் அக்காவுக்கு ஒன்று கூடுதலாகப் போய்விடக் கூடாது என்று. இருபத்தாறு வயது வரைக்கும் இறாலும் நண்டும் தின்ற உடம்பு. இருபத்தேழில் ஒரு ஞாயிறு, சாப்பிட்டுவிட்டுக் கடற்கரைக்குப் போய் கிரிக்கெட் ஆடினாய். உடம்பெல்லாம் தடிப்பு தடிப்பாக வீட்டுக்கு வந்தாய், மூச்சு லேசாக வாங்கியது. நான் என்ன செய்தேன்? வெயில் சூடு என்றேன். வேப்பிலையால் தடவி, வெந்நீரில் மிளகும் சீரகமும் தட்டிப் போட்டுக் குடிக்க வைத்து, கண்ணேறாக இருக்கும் என்று மிளகாயும் உப்பும் சுற்றி அடுப்பில் போட்டேன். அந்த மிளகாய் நெடியில் உனக்கு இன்னும் இருமல் வந்தது. தானாக அடங்கியது நம் அதிர்ஷ்டம். நான் சமர்த்து என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த தடவை பாண்டியில். உன் சிநேகிதன் கல்யாணத்துக்கு முந்தின நாள் நீங்கள் எல்லோரும் சேர்ந்து "ஜூஸ்" குடித்தீர்களாமே, அந்த நாள். ஜூஸோடு இறால் பொரியல். உன்னை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனவன் இர்ஃபான். அவன் மட்டும் அங்கே இல்லாமல் இருந்திருந்தால் இந்தக் கடிதமே இல்லை. மறுநாள் அந்த டாக்டரம்மா உன்னையும் என்னையும் உட்காரவைத்து நிதானமாகச் சொன்னார். "சின்ன வயசுல சாப்புட்டதுலாம் கணக்கே இல்லம்மா. பெரியவங்களுக்குத் திடீர்னு வரும், வந்தா பெரும்பாலும் போவாது. இதுல ஒரு சூட்சுமம் இருக்கு. எறா மட்டும் உள்ள போனா சில நாள் உடம்பு தாங்கிக்கும். அன்னைக்கே ஓடி ஆடுனாலோ, குடிச்சாலோ, வலி மாத்திரை போட்டிருந்தாலோ, தூக்கம் கெட்டிருந்தாலோ, காய்ச்சல் இருந்தாலோ தாங்காது. எந்த நாள் தாங்கும், எந்த நாள் தாங்காதுன்னு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அதனால ஒரு துண்டுகூட வேணாம்." கடைசி வாக்கியத்தை நாம் இருவருமே காதில் வாங்கவில்லை. "சில நாள் தாங்கும்" என்பதை மட்டும் பத்திரமாக முடிந்துகொண்டு வந்தோம்.

அன்று அவர் சொன்னதை வைத்து இப்போது மறுவீட்டு நாளைப் பார். கல்யாண அமளியில் நாலு நாளாக உனக்குச் சரியான தூக்கமில்லை. வரவேற்பில் மேடையில் நின்று நின்று இடுப்பு பிடித்துக்கொண்டது என்று காலையில் எழுந்ததும் வலி மாத்திரை போட்டாய். கவரை என் எதிரில்தான் கிழித்தாய். அதற்கு மேல் இறால், அதற்கு மேல் வெயில், அதற்கு மேல் ஷட்டில். டாக்டரம்மா சொன்னதில் எதையும் நீ பாக்கி வைக்கவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கண்ணைத் திறந்து நீ சொன்ன முதல் வார்த்தை என்ன தெரியுமா? "போன தடவ சாப்புட்டப்போ ஒண்ணும் ஆவலியேம்மா." எனக்கு அந்த இடத்திலேயே உன்னை ஓங்கி ஒரு அறை விடலாமா என்றிருந்தது. நர்ஸ் நின்றுகொண்டிருந்தாள், விட்டுவிட்டேன்.

அந்தப் "போன தடவ"தான் என் முதல் குற்றம். உனக்கு அது தெரியும், ஆனால் அது குற்றம் என்று நான் ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை. இருபத்தெட்டு வருஷம் சத்துணவு அமைப்பாளராக இருந்தவள் நான். பிள்ளைகளுக்குப் போடுவதற்கு முன்னால் நானே வாயில் வைத்துப் பார்ப்பேன். வாயில் வைத்துப் பார்த்தால் உணவைப் பற்றி எல்லாம் தெரிந்துவிடும் என்று ஒரு திமிர் அதிலிருந்தே வந்தது. டாக்டர் சொன்னதை நானே ஒரு தடவை பரீட்சை பண்ணிவிடுகிறேன் என்று தோன்றியது. ஒரு பொங்கல் லீவில் நீ வந்திருந்தபோது கத்திரிக்காய்க் குழம்பில் ஒரு பிடி சென்னாக்குனியை வறுத்துப் பொடித்துக் கலந்துவிட்டேன். நெத்திலியைவிடப் பொடிசான காய்ந்த இறால்தான் அது. பொடித்துவிட்டால் யாருக்கும் தெரியாது. நீ ரெண்டு தடவை போட்டுச் சாப்பிட்டாய். சாப்பிட்டுவிட்டுத் தூங்கினாய். சாயங்காலம் வரைக்கும் நான் உன் கட்டிலைச் சுற்றிச் சுற்றி வந்தேன். ஒன்றும் ஆகவில்லை. "பாத்தியாடா, எறா கொழம்புதான் தின்ன! டாக்டரு என்னா, கடவுளா?" என்று கையைத் தட்டிச் சிரித்தேன். நீயும் சிரித்தாய். பெற்ற பிள்ளையின் சோற்றில் விஷத்தைக் கலந்துவிட்டு, சாகவில்லை என்று கைதட்டிய தாய் இந்தக் கடலூர் ஜில்லாவிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அன்று நீ தூங்காமல் கிரிக்கெட் ஆடப் போயிருந்தால்? அன்றிலிருந்து "கொஞ்சம் தின்னா ஒண்ணும் ஆவாது" என்பது உனக்கு வேதவாக்காகிவிட்டது. ஓதினவள் நான்.

ரெண்டாவது குற்றம் அதைவிடப் பெரியது. உனக்கு முதலில் பேசி வந்த சேத்தியாத்தோப்பு சம்பந்தம் ஏன் நின்றது என்று ஞாபகம் இருக்கிறதா? "பையனுக்கு ஏதோ மூச்சு அடைக்கிற வியாதியாம், திடுதிடுன்னு வுழுவானாம்" என்று யாரோ போய்ச் சொல்ல, அவர்கள் ஜாதகம் சரியில்லை என்று நாசூக்காகத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். உன் அப்பா ஒரு வாரம் கடைத்தெருப் பக்கமே போகவில்லை. அடுத்து பவித்ரா வீடு வந்தது. பெண் பிடித்துப் போய், எல்லாம் பேசி முடித்து, நம் வீட்டில் அவர்கள் கை நனைத்த அன்று நான்தான் பரிமாறினேன். எல்லார் இலையிலும் இறால், உன் இலையில் மட்டும் இல்லை. உன் மாமியார் கண்ணுக்கு அதுதான் முதலில் பட்டது. "என்னா அண்ணி, மாப்ளைக்கு எறா வைக்கலியே?" என்று கேட்டார். உண்மையைச் சொல்ல எனக்கு ஒரு வினாடி போதும். அந்த ஒரு வினாடியில் சேத்தியாத்தோப்பு ஞாபகம் வந்தது. "அது ஒரு வேண்டுதல் அண்ணி. நல்லபடியா கல்யாணம் முடியுற வரைக்கும் ரொம்பப் புடிச்சத வுட்டுடறன்னு முருகனுக்கு வேண்டிக்கிட்டான்" என்றேன். என் வாயிலிருந்து அது எப்படி அவ்வளவு சரளமாக வந்தது என்று எனக்கே தெரியவில்லை. உன் மாமியார் முகம் மலர்ந்துவிட்டது. இந்தக் காலத்தில் இப்படி ஒரு பிள்ளையா என்று உன்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். நீ தலையைக் குனிந்துகொண்டு கோழியைக் கடித்தாய். உன் அப்பா எழுந்து கை கழுவப் போய்விட்டார்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்ததன் பலன் என்ன தெரியுமா? கல்யாணம் முடிந்தது, வேண்டுதலும் முடிந்தது. ஆசைப்பட்டதை விட்டுக்கொடுத்து சாமிக்கு வேண்டிக்கொண்ட மாப்பிள்ளைக்கு அதை முதல் முதலாகத் தன் கையால் போட வேண்டும் என்று உன் மாமியார் மூன்று நாளாக மார்க்கெட்டில் சொல்லிவைத்து, விரல் தண்டி இறாலாகப் பொறுக்கி வாங்கியிருக்கிறார். நான் சொன்ன பொய்தான் அந்த இலையில் வந்து விழுந்தது. சரி, நான் செய்தது அது. நீ என்ன செய்தாய்? "அத்தை, எனக்கு இது ஆவாது" என்று சொல்ல உனக்கு நாக்கு இல்லையா? "அவுங்க ஆசையா வச்சாங்கம்மா, எப்படிம்மா வேணான்றது" என்கிறாய். மாமியார் மனசு கோணக் கூடாது என்று உயிரை விடத் துணிந்த முதல் மருமகன் நீதான். நான் சாம்பாரில் உப்பு கம்மி என்றால்கூடத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனவன் நீ, அதையும் இங்கே சொல்லிவைக்கிறேன்.

ஊசி விஷயம் இன்னொரு கூத்து. மூச்சு அடைக்கிற நேரத்தில் தொடையில் குத்திக்கொள்ளும் அந்தப் பேனா ஊசி இங்கே சுலபத்தில் கிடைக்கவில்லை என்று இர்ஃபான் லால்பேட்டையிலிருந்து துபாய்க்குப் போன தன் அண்ணனிடம் சொல்லி, டாக்டர் சீட்டைக் காட்டி ரெண்டு வாங்கி வரச் செய்தான். எவ்வளவு பெரிய உபகாரம்! அது எங்கே இருந்தது? நம் வீட்டுப் பிரிட்ஜில், கதவுத் தட்டில், எலுமிச்சை ஊறுகாய்க்குப் பக்கத்தில். மருந்தென்றால் பிரிட்ஜில் வைக்க வேண்டும் என்று வைத்தவள் நான். அங்கேயே இருக்கட்டும் என்று விட்டவன் நீ. சட்டைப் பையில் அது துருத்திக்கொண்டு தெரிந்தால் கேவலமாம். டாக்டரம்மாவிடம் போனபோது அவர் தலையில் அடித்துக்கொண்டார். பிரிட்ஜிலும் வைக்கக் கூடாதாம், வெயிலில் நிற்கிற வண்டிப் பெட்டியிலும் வைக்கக் கூடாதாம், ஆள் இருக்கிற இடத்தில்தான் அது இருக்க வேண்டுமாம். நீ சிதம்பரத்தில் தெருவில் கிடந்தபோது உன் உயிர் கடலூரில் ஊறுகாயோடு குளிர்ந்துகொண்டிருந்தது. நல்லவேளை, ஆஸ்பத்திரி ரெண்டு தெரு தள்ளி இருந்தது. ஓசூரில் எத்தனை தெரு தள்ளி என்று பார்த்தாயா? புது வீட்டில் பால்கனி இருக்கிறது, பார்க்கிங் இருக்கிறது என்று மட்டும்தானே சொன்னாய்.

இதற்கெல்லாம் மேல் நீ ஆஸ்பத்திரியில் செய்தாய் பார், அதற்குத்தான் எனக்கு உன்மேல் ஆறவே மாட்டேன் என்கிறது. பேச்சு வந்ததும் மாமனாரிடம் "ஒண்ணும் இல்ல மாமா, புட் பாய்சன்தான், சரியாயிடுச்சு" என்று சொல்லிவிட்டாய். என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "பவிகிட்டயும் சொல்லாதம்மா, இப்பதான் கல்யாணம் ஆயிருக்கு, நோயாளின்னு நெனச்சிக்குவா" என்று கையைப் பிடித்துக்கொண்டாய். நானும் மண்டையை ஆட்டினேன். எவ்வளவு சுலபமாக ஆட்டினேன்! புட் பாய்சன் என்றால் என்ன அர்த்தம் என்று நீ யோசித்தாயா? கெட்டுப் போனதைச் சமைத்துப் போட்டார்கள் என்று அர்த்தம்.

உன் மச்சான்தான் போனில் மெதுவாகச் சொன்னான். உன் மாமனார் மறுநாளே மார்க்கெட்டுக்குப் போய் அந்த மீன்கார அம்மாவை நாலு பேர் எதிரில் நிற்கவைத்து, "செத்த எறாவ குடுத்து எம் மருமவன சாவடிக்கப் பாத்தியே" என்று கத்தியிருக்கிறார். அந்த அம்மா தன் பிள்ளைமேல் சத்தியம் செய்து, அன்று காலையில் வந்த இறால் என்று அழுதிருக்கிறார். யாரும் நம்பவில்லை. ஒரு வாரமாக அவர் கூடைப் பக்கம் ஆளே போகவில்லையாம். உன் மாமியாரோ அன்றிலிருந்து அடுப்புப் பக்கமே போகவில்லை. அவர்கள் வீட்டுக்கு மூன்று வேளையும் ஓட்டலிலிருந்து பொட்டலம் வருகிறது. இதைக் கேட்ட பிறகும் நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் நான் சோறு தின்கிற ஜென்மமே இல்லை. உன்னிடம் கேட்டால் வேண்டாம் என்பாய். அதனால் உன்னிடம் கேட்கவில்லை. நேற்று காலையில் பஸ் ஏறிச் சிதம்பரம் போனேன். உன் அப்பா வருகிறேன் என்றார். பொய் சொன்னவள் நான், நானே போகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

உட்காரச் சொன்னார்கள். நான் உட்காரவில்லை. உட்கார்ந்தால் வேறு பேச்சு பேசிவிட்டு வந்துவிடுவேன் என்று பயம். "அண்ணி, அது வேண்டுதல் இல்ல. அவனுக்கு எறா ஆவாது, உசுருக்கே ஆபத்து. கல்யாணம் நின்னுடுமோன்னு நான் பொய் சொன்னன். உங்க சமையல்ல ஒரு கொறையும் இல்ல" என்று ஒரே மூச்சில் சொன்னேன். உன் மாமியார் என்னையே பார்த்தார். "அப்ப என் எறா கெட்டுப் போவலியா?" என்றார். இல்லை என்றேன். மறுபடியும் அதையே கேட்டார். மூன்றாம் தடவை கேட்கும்போது குரல் உடைந்துவிட்டது. "பத்து நாளா என் கையப் பாத்தா எனக்கே பயமா இருக்கு அண்ணி. பெத்த பொண்ணு தாலிய நானே அறுத்திருப்பன்னு ராத்திரியெல்லாம் முழிச்சிக்கிட்டுக் கெடக்குறன்." நான் அவர் கையைப் பிடிக்கப் போனேன். வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். "ஒரு வார்த்த சொல்லியிருந்தா எறாவ இந்த வாசப்படி ஏத்தியிருக்க மாட்டனே!" என்றார். பொண்ணு கொடுக்காமல் போய்விடுவீர்களோ என்று பயந்துவிட்டேன் என்றேன். "குடுத்திருக்க மாட்டனோ என்னமோ. அது வேற. ஆனா ஆளக் கொல்ல வச்சிருக்க வேணாம் அண்ணி" என்றார். உன் மாமனார் சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போனார். அந்த மீன்கார அம்மாவிடம் மன்னிப்புக் கேட்க. கத்தினபோது இருந்த அதே நாலு பேர் எதிரில் கேட்டாராம். கடலூர்க்காரிக்காக சிதம்பரத்துக்காரர் தலைகுனிந்தார், அதையும் நீ தெரிந்துகொள்.

இதையெல்லாம் பவித்ரா சமையலறை நிலைப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் அழவில்லை. நான் கிளம்பும்போது செருப்பைப் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கூடவே வந்தாள். பாதி வழியில் கேட்டாள். "அத்தை, அன்னைக்கு அவரு கீழ வுழுந்தப்போ கையால தொண்டையக் காட்டிக் காட்டி ஏதோ சொன்னாரு. எனக்குப் புரியல. தாகம்னு நெனச்சித் தண்ணி குடுத்தன். எழுப்பி உக்கார வச்சன். தப்பா?" தப்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, ஆனால் இனிமேல் பொய் சொல்வதில்லை என்று இருந்தேன். படுக்கவைக்க வேண்டும், மூச்சுத் திணறினால் காலை நீட்டி உட்காரவைக்கலாம், எழுந்து நடக்க விடக் கூடாது, வாயில் எதையும் ஊற்றக் கூடாது, முதலில் ஊசி, உடனே ஆஸ்பத்திரி, அரிப்பு மாத்திரையை மட்டும் நம்பி உட்கார்ந்துவிடக் கூடாது என்று டாக்டரம்மா சொன்னதையெல்லாம் சொன்னேன். ஊசி எப்படிப் போடுவது என்று கேட்டாள். பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் உட்கார்ந்து, கைப்பையிலிருந்த பால்பாயிண்ட் பேனாவை எடுத்து, புடவைக்கு மேலேயே என் தொடையின் வெளிப்பக்கம் அழுத்திக் காட்டினேன். அவளும் வாங்கி ரெண்டு தடவை அழுத்திப் பார்த்தாள். எதிர் பெஞ்சில் இருந்தவர் எங்கள் ரெண்டு பேருக்கும் பைத்தியம் என்று நினைத்திருப்பார்.

பஸ் வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "எனக்குத் தெரியும்னு அவருகிட்ட சொல்லிடாதீங்க அத்தை. அவரா சொல்றாரான்னு பாக்கணும். சத்தியம் பண்ணுங்க" என்றாள். பண்ணிவிட்டுத்தான் பஸ் ஏறினேன். ஆலப்பாக்கம் வருவதற்குள் அந்தச் சத்தியத்தை உடைத்துவிடுவது என்று முடிவு பண்ணிவிட்டேன். அவளுக்கு நான் செய்கிற முதல் துரோகம் இதுதான், அவளிடமே சொல்லி மன்னிப்பும் கேட்டுக்கொள்வேன். நம் வீட்டில் ஒருத்தருக்கொருத்தர் தெரியாமல் வைத்துக்கொண்ட விஷயங்கள் போதும். இன்னொன்றை என்னால் சுமக்க முடியாது.

ஆகவே உனக்கு இப்போது தெரிந்துவிட்டது. இறாலோடு நண்டும் வேண்டாம் என்பது, ஓட்டலில் இறால் பொரித்த எண்ணெயில் பொரித்த எதையும் தொடக் கூடாது என்பது, வலி மாத்திரை வேண்டுமென்றால் டாக்டரைக் கேட்க வேண்டும் என்பது எல்லாம் உனக்குத் தெரியாததா? எனக்கு மேல் தெரியும். இர்ஃபான் மறுபடியும் வரவழைத்துத் தந்த புது ஊசி ரெண்டு அட்டைப் பெட்டியோடு உன் அப்பா கையில் இருக்கிறது, வெள்ளிக்கிழமை பஸ் ஸ்டாண்டில் தருவார். ஒன்று உன் பையில், ஒன்று அவள் பையில். ஆனால் அவள் பையில் அதை நான் வைக்க மாட்டேன், உன் அப்பாவும் வைக்க மாட்டார். நீ வைக்க வேண்டும். வைக்கும்போது, "அம்மா எழுதிட்டாங்க, ஒனக்குத் தெரியும்னு எனக்கும் தெரியும்" என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளாதே. பாண்டியில் குடித்தது, கத்திரிக்காய்க் குழம்பு, சேத்தியாத்தோப்பு, அந்த நாலு இறால், ஆஸ்பத்திரியில் சொன்ன பொய் எல்லாவற்றையும் முதலிலிருந்து உன் வாயால் சொல். கோபித்துக்கொள்வாள். கோபித்துக்கொள்ளட்டும். உன்னை நோயாளி என்று நினைப்பாளோ என்று பயந்தாயே, அவள் பத்து நாளாகத் தன்னைக் கொலைகாரியின் மகள் என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

அன்றைக்கு அவள் காலடியில் விழுந்து கிடந்து, சொல்ல வேண்டியதைச் சொல்ல முடியாமல் தொண்டையைக் காட்டினாய். அவள் தண்ணீர் கொடுத்தாள். இன்றைக்கு உன் தொண்டை நன்றாகத்தான் இருக்கிறது. சொல்லுடா.

உன் அம்மா